பரதநாட்டிய மேடை, ஃபிளாஷ் இல்லாமல்: விரல் இழுபடுகிறது, கோடு விழுகிறது

வணக்கம். சபாக்களில் நடனம் படமெடுப்பவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்கள். ஃபிளாஷ் வேண்டவே வேண்டாம். ஆடுபவர் கண் கூசும், மேடை வெளிச்சத்தின் அழகும் செத்துவிடும்.

ஏபிஎஸ்-சி (சிறிய சென்சார்) கேமரா, 50 எம்எம் எஃப் 1.8 லென்ஸ், ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 3200, ஷட்டர் 1/250 நொடி, ரா ஃபைல் (கேமரா திருத்தாத மூலப்பதிவு). பின்திரை கறுப்பு என்பதால் ஆட்டோவில் விட்டால் முகம் வெளுத்துவிடுகிறது. அதனால் மேனுவல், ஸ்பாட் மீட்டரில் முகத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கிறேன்.

தீர்மானம் (ஜதியை முடிக்கும் அடவுக் கோவை) முடிந்து அரைமண்டியில் (முழங்கால் மடித்து விரித்த நிலை) நிற்கும் அந்த நொடிக்கு 1/125 கூடப் போதும். வேகமான அடவில்தான் (கை கால் சேர்ந்த ஆட்ட அசைவு) 1/250-லும் விரல்கள் இழுபடுகின்றன. அசைவது ஆடுபவர், கேமரா அல்ல. ட்ரைபாட் இதற்கு உதவாது. 1/500 வைத்தால் ஐஎஸ்ஓ 6400, பட்டுப்புடவை ஜரிகை முழுக்கப் புள்ளி (நாய்ஸ்). 6400-இல் எடுத்துப் பிறகு நாய்ஸ் குறைப்பதா, 3200-இல் ஒரு ஸ்டாப் (பாதி வெளிச்சம்) இருட்டாக எடுத்து ராவில் தூக்குவதா? எதில் ஜரிகை பிழைக்கிறது?

அடுத்தது எல்இடி விளக்கு. நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 முறை துடிக்கும். 1/100-இல் கோடு இல்லை, 1/500-இல் படம் முழுக்கப் பட்டை. எலக்ட்ரானிக் ஷட்டரை அணைத்ததும் பாதி குறைந்தது. ஆன்டி-ஃப்ளிக்கர் (விளக்கின் துடிப்பைப் பார்த்து ஷட்டரைத் திறக்கும் கேமரா வசதி) சில அரங்குகளில் கைகொடுக்கிறது, டிம்மர் போட்ட விளக்குகளில் பலிக்கவில்லை. அங்கே என்ன ஷட்டர் வைக்கிறீர்கள்?

இன்னொன்று: 3 மீட்டரில் எஃப் 1.8-க்கு ஃபோகஸ் ஆழம் சுமார் 25 செ.மீ.தான். கண்ணில் ஃபோகஸ் வைத்தால் முன்னால் நீட்டிய முத்திரை மங்குகிறது. எஃப் 2.8-க்கு இறங்குவீர்களா, பின்வரிசைக்கு நகர்வீர்களா?