புதுப்பிப்பு: கதை குழப்பினாலும் ஆட்டத்தை விடவில்லை

2015இல் வெளிவந்த ‘மெட்டல் கியர் சாலிட் 5: தி ஃபேண்டம் பெயின்’ என்ற வீடியோ விளையாட்டின் கதை பிடிபடவில்லை, பாதியில் நிறுத்திவிடலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். நிறுத்தவில்லை, தண்டையார்பேட்டை வீட்டில் அத்தை மகனோடு மாறி மாறி ஆடி, நேற்றிரவு முடித்துவிட்டேன்.

கதையைப் பற்றிய என் கருத்து மாறவில்லை. முந்தைய பாகங்களை ஆடாதவருக்கு யார் யாருக்குப் பகைவர் என்பதே விளங்காது. முக்கியமான செய்திகள் பலவும் ஒலிநாடாக்களில் கிடக்கின்றன, தனியே போட்டுக் கேட்டால்தான் உண்டு.

ஆனால் மறைந்து நகரும் ஆட்டம் அருமை. தலையையே குறிபார்த்துச் சுட்டுவந்தால் காவலர்கள் தலைக்கவசம் அணியத் தொடங்குகிறார்கள். இரவிலேயே புகுந்தால் இருளில் பார்க்கும் கருவியை மாட்டிக்கொள்கிறார்கள். ஆகவே, நேற்று கைகொடுத்த வழி இன்று உதவாது என்றறிந்து, 1984ஆம் ஆண்டு ஆப்கானிஸ்தானின் சோவியத் முகாம் ஒன்றை மேட்டிலிருந்து வெகுநேரம் நோட்டமிட்டு, ஓசையின்றி உள்ளே தவழ்ந்து, மயங்கிக் கிடக்கும் வீரரைப் பலூனில் கட்டி வானத்துக்கு அனுப்பும்போது கிடைக்கும் மகிழ்ச்சிக்குக் கதையின் துணை தேவைப்படவில்லை. அத்தை மகன் கதைக்காட்சிகளின்போது தூங்கிவிடுவான். முகாம் தெரிந்ததும் எழுந்து உட்கார்ந்துவிடுவான்.

காலவரிசைப்படி ஆடுமாறு பலர் சொன்னதை ஏற்று, 1964இல் நடக்கும் மூன்றாம் பாகத்தை இந்த ஞாயிறு தொடங்குகிறோம்.