சுரைப் பிஞ்சு மஞ்சளாகி உதிர்கிறது: உரக் குறையா?

மாடிக்கொடி:
வணக்கம். 18-க்கு 18 அங்குலப் பையில் ஒரே ஒரு சுரைக்கொடி. விதை போட்டு 55 நாள் ஆகிறது. பந்தல் முழுக்கப் படர்ந்துவிட்டது, இலை கரும்பச்சை, ஒவ்வொன்றும் விரித்த கையைவிடப் பெரிது. முதல் பத்து நாள் ஆண் பூ மட்டும்தான். இப்போது பெண் பூவும் வருகிறது. ஆனால் பிஞ்சு கட்டைவிரல் அளவு இருக்கும்போதே நுனியிலிருந்து மஞ்சளடித்து, வெம்பி, நாலைந்து நாளில் விழுந்துவிடுகிறது. இதுவரை ஏழு போய்விட்டது. வாரம் இரண்டு முறை கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றுகிறேன். காலை எட்டு மணிக்குப் பிரஷால் மகரந்தம் தொட்டு வைத்தும் பயனில்லை. கால்சியம் குறைவு, முட்டை ஓட்டுத்தூள் போடு என்கிறார்கள். போடலாமா?

பந்தல்நிழல்:
முட்டை ஓடு வேண்டாம். அது மட்குவதற்கே மாதக்கணக்கில் ஆகும், இந்தக் கோளாறுக்கும் அதற்கும் தொடர்பில்லை. நீங்கள் தொடும் நேரம்தான் தவறு. சுரை அந்தியில் பூக்கிற கொடி. மாலை ஐந்திலிருந்து எட்டு மணிக்குள் மலர்ந்து, இரவெல்லாம் விரிந்திருந்து, வெயில் ஏறும்போது துவண்டுவிடும். காலை எட்டு மணிக்கு நீங்கள் தொடுவது நேற்றைய வாடிய பூவை. பகலில் வரும் தேனீக்கு அது அகப்படாது. இரவில் வரும் அந்துப்பூச்சிதான் சுரைக்கு முக்கியத் துணை, மாடியில் அதன் வரத்தை நம்பியிருக்க முடியாது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். விளக்கு வைக்கிற நேரத்துக்குக் கொடியைப் பாருங்கள். நீண்ட மெல்லிய காம்பில் நிற்பது ஆண் பூ. கழுத்தில் ரோமம் போர்த்திய குட்டிச் சுரை இருந்தால் பெண் பூ. அன்று மலர்ந்த ஆண் பூவைக் காம்போடு கிள்ளி, வெள்ளை இதழ்களை உரித்துவிட்டு, நடுத்தண்டை விரலில் தொட்டுப் பாருங்கள். தூள் ஒட்டினால் நல்ல பூ. பெண் பூவின் நடுவே சூல்முடி (மகரந்தத்தை ஏற்கும் முனை) தடித்த மூன்று பிரிவாக இருக்கும், ஒவ்வொன்றும் மறுபடி இரண்டாகப் பிளந்திருக்கும். மூன்றிலும் தூள் படும்படி மெதுவாக உருட்டுங்கள். ஒரு பக்கம் மட்டும் பட்டால் காய் கோணலாகும், அல்லது நுனி சூம்பிப்போகும். ஒரு ஆண் பூ இரண்டு பெண் பூவுக்குப் போதும். பிரஷைவிட இது நிச்சயம், பிரஷ் பாதித் தூளைத் தன்னிடமே வைத்துக்கொள்ளும்.

காம்பில் ஒரு நூல் கட்டி வையுங்கள். பிடித்த பிஞ்சு மூன்றாம் நாளே பருத்து, காம்பு தடித்துக் கீழே தொங்கும்.

உழவுக்கை:
மேலே சொன்னதுதான் முதல் காரணம். ஆனால் அந்தக் கரும்பச்சை இலையையும் கவனியுங்கள். கடலைப் புண்ணாக்கில் தழைச்சத்து அதிகம். வாரம் இரண்டு முறை கொடுத்தால் கொடி இலையாகவே வளரும், பெண் பூ குறையும். 15 நாளைக்கு ஒரு முறை போதும்: 100 கிராமை ஒரு லிட்டர் நீரில் இரண்டு நாள் ஊறவைத்து, பத்து மடங்கு நீர் சேர்த்து ஊற்றுங்கள். சாம்பல்சத்துக்கு மாதம் ஒரு கைப்பிடி மரச்சாம்பல். மண் ஏற்கெனவே களர்த்தன்மையுள்ளதாக இருந்தால் சாம்பலைத் தவிர்த்துவிடுங்கள்.

தலைக்கொடியின் நுனியை இப்போதே கிள்ளிவிடலாம். சுரையில் பெண் பூ பெரும்பாலும் பக்கக் கிளைகளில்தான் வரும், தலைக்கொடியில் ஆண் பூவே மிகுதி. நாற்று பந்தல் உயரம் தொட்டதுமே இதைச் செய்திருந்தால் இன்னும் நல்லது.

இன்னொன்று, இந்தப் பை ஒரே நேரத்தில் மூன்று நான்கு காய்க்கு மேல் தாங்காது. அதற்கு மேல் வரும் பிஞ்சைக் கொடியே உதிர்த்துக்கொள்ளும், அதற்குக் கவலைப்பட வேண்டாம். நண்பகலில் இலை தொங்கும் அளவுக்குப் பை காய்ந்தாலும் பிஞ்சு உதிரும். கோடையில் காலை மாலை இரு வேளையும் நீர் வேண்டும்.

பசுந்தழை:
விழுந்த பிஞ்சை ஒருமுறை நறுக்கிப் பாருங்கள். உள்ளே சுத்தமாக இருந்தால் மகரந்தக் குறைதான். தோலில் ஊசி குத்தினாற்போல் புள்ளி, அதில் கோந்துத் துளி, உள்ளே வெள்ளைப் புழு இருந்தால் அது பழ ஈ. மகரந்தம் சேர்த்த மூன்றாம் நாள் பிஞ்சுக்கு மெல்லிய துணிப்பை மாட்டிவிடுங்கள். பொறி வைப்பதானால் க்யூலூர் (இந்த ஈயைக் கவரும் மருந்து) கேட்டு வாங்குங்கள். மாமரத்துக்கு வைக்கும் மெத்தில் யூஜினால் பொறிக்கு இந்த ஈ வராது. புழு விழுந்த காயை மட்கு குழியில் போடாதீர்கள், கூட்டுப்புழு மண்ணில்தான் உருவாகும். பாலித்தீன் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்கள்.

மாடிக்கொடி:
நறுக்கிப் பார்த்தேன், புழு இல்லை. இன்று மாலைக்கு ஒரு பெண் மொட்டு தயாராக இருக்கிறது, ஆனால் ஆண் மொட்டு எதுவும் மலர்கிற மாதிரி தெரியவில்லை. பக்கத்துப் பையில் பூசணி இருக்கிறது, அந்தப் பூவை வைக்கலாமா?

பந்தல்நிழல்:
பூசணி சேராது, அது வேறு இனம். போதாததற்கு அது விடியலில் மலர்ந்து முற்பகலிலேயே மூடிவிடும். பாகலும் வெள்ளரியும் காலைப் பூக்கள்தான். புடலை, பீர்க்கு இரண்டும் சுரையைப் போல மாலையில். வேறொரு சுரைக்கொடியின் ஆண் பூ கிடைத்தால் தாராளமாக வைக்கலாம், அது எந்த ரகமாக இருந்தாலும் சரி. மதியம் நான்கு மணிக்கு மொட்டுகளைத் தடவிப் பாருங்கள். பச்சை முறுக்கு தளர்ந்து நுனியில் வெள்ளை உப்பித் தெரிந்தால் அது இன்று மலரும் மொட்டு. அதைக் காம்போடு கிள்ளி, ஒரு டம்ளர் நீரில் நிறுத்தி வைத்தாலும் மாலையில் விரிந்துவிடும்.