மறு: 'வெப்ப அதிர்ச்சி வலிமை' வேண்டாம், 'சடுதிவெப்பத் தாங்குதிறன்' எப்படி?

நண்பர்களே, வணக்கம்.

கிராஃபைட் கலந்த வெப்பந்தாங்கிச் செங்கல் பற்றிய இழையில் 'thermal shock resistance' என்பதற்கு, அதாவது சூடு திடீரென்று மாறினாலும் உடையாமல் தாங்கும் குணத்துக்கு, 'வெப்ப அதிர்ச்சி வலிமை' என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. 'அதிர்ச்சி' பழகிவிட்டது, அதைக்கூட ஒத்துக்கொள்ளலாம். 'வலிமை'யை ஏற்க எனக்கு மனம் வரவில்லை. இந்தச் செங்கற்களில் வலிமையும், நாம் பெயர் தேடும் குணமும் பெரும்பாலும் எதிரெதிராகவே போகின்றன.

உருக்கு உலைகளின் உட்சுவரில் அடுக்கும் மெக்னீசியா-கார்பன் செங்கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். மெக்னீசியா, அதாவது மெக்னீசியம் ஆக்சைடு, 2800 டிகிரி செல்சியசுக்கு மேல்தான் உருகும். ஆனால் சூடேறினால் ஏகமாக விரியும்: ஒரு மீட்டர் நீளம், 1000 டிகிரி ஏறினால், சுமார் 13 மில்லிமீட்டர் கூடும். அப்படிச் சூடேறியது சட்டென்று ஆறினால், சுருங்கப் பார்க்கும் மேற்பரப்பை இன்னும் ஆறாத உட்பகுதி சுருங்க விடாது. அந்த இழுவையில் விரிசல் விடுகிறது. சூடான விளக்குக் கண்ணாடியில் ஒரு சொட்டு நீர் பட்டதும் கீறிக்கொள்வது இதனால்தான்.

இதில் பத்துப் பதினைந்து விழுக்காடு செதில் கிராஃபைட் சேர்த்தால் வெப்பம் விரைவாகப் பரவும். விரிவும், வளைந்துகொடுக்காத விறைப்பும் குறையும். கூடவே வலிமையும் இறங்கும். ஆனாலும் செங்கல் பிழைத்துக்கொள்கிறது. உடைந்த துண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். முறிந்த முகம் மேடும் பள்ளமுமாக இருக்கும், கருஞ்செதில்கள் மினுங்கும், தொட்டால் விரலில் கரி ஒட்டும். விரிசல் ஒவ்வொரு செதிலிலும் முட்டி, வளைந்து, கிளைத்து, மேலே ஓடத் தெம்பில்லாமல் நின்ற தடம் அது.

தமிழில் இதற்கு வினைகள் தயாராகவே இருக்கின்றன. விரிசல் 'விடுவது' வேறு, விரிசல் 'ஓடுவது' வேறு. பீங்கான் பொருள்களை ஆராய்ந்த ஹாசல்மன் 1969-ல் ஒரே கோட்பாட்டுக்குள் கொண்டுவந்த இரண்டும் இவைதாம். விரிசல் விடாதிருக்க வலிமை கூட வேண்டும், விறைப்பு குறைய வேண்டும். விட்ட விரிசல் ஓடாதிருக்க இதற்கு நேர்மாறு: வலிமை மிகுந்த பொருளில் முறியும் வரை சேர்ந்திருக்கும் ஆற்றலும் மிகுதி, அது முழுவதும் விரிசலை ஓட்டிவிடும். ஆகவே விரிசல்விடாமை, விரிசலோடாமை என்று இரண்டு உட்சொற்கள் வைத்துக்கொள்வோம். பீங்கானுக்கு முதலாவது முக்கியம். உலைச் செங்கல்லுக்கு இரண்டாவது.

இரண்டையும் அடக்கும் பொதுச்சொல்லாகத்தான் 'சடுதிவெப்பத் தாங்குதிறன்' என்கிறேன். 'வெப்பந்தாங்கி'யில் ஏற்கெனவே 'தாங்கு' இருக்கிறதே என்று கேட்பீர்கள். அது எவ்வளவு சூடு என்பதைப் பற்றியது. இது எவ்வளவு திடீரென்று என்பதைப் பற்றியது. 'சடுதி' அந்த வேறுபாட்டைச் சொல்லிவிடுகிறது. குளிர்விக்கும்போதும் பொருந்த வேண்டும் என்றால் முதல் இடத்தில் 'சடுதி வெப்பமாற்றம்' என்று விரித்து எழுதி, அப்புறம் சுருக்கிக்கொள்ளலாம். 'கிராஃபைட் தாங்கிய' என்று மட்டும் எழுத வேண்டாம், ஒரே வரியில் மூன்று 'தாங்கு' வந்துவிடும். 'கலந்த' போதும்.

இன்னொன்று. மேற்பரப்பு தகடு தகடாகக் கழன்று விழுவதை 'ஸ்பாலிங்' என்றே எல்லோரும் எழுதுகிறோம். 'பொருக்குதிர்வு' சரியாக வருமா? சுவர்ப்பூச்சு பொருக்குவிட்டு உதிர்வதைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவைப்படாது.