புதுப்பிப்பு: மாடித் தக்காளி, நாலு பிழைச்சுது

ஐப்பசி மழையில தண்டையார்பேட்டை மொட்டை மாடியில தக்காளி இலை மஞ்சளாகித் தொங்குது, உரம் போதலையான்னு கேட்டிருந்தேன். உரமில்ல, தண்ணிதான். செடி வெச்ச பையைக் கவுத்தா அடியில ஒரே சேறு, வேர் பழுப்பாகி நாத்தம். ஓட்டை இருந்துச்சு, பை தரையோட ஒட்டி உட்கார்ந்ததுல அடைச்சுக்கிச்சு.

ஆறுல ரெண்டு போச்சு. மிச்சத்துக்கு அடி ஓரமா பக்கவாட்டுலயும் ஓட்டை போட்டு, செங்கல் மேல தூக்கி வெச்சேன். மண்ணையும் மாத்தியாச்சு: செம்மண், தென்னை நார்க்கழிவு, மண்புழு உரம், மூணும் சம அளவு. தண்ணி வடிய அடியில ஜல்லி போடச் சொன்னவங்க மன்னிக்கணும். ஜல்லி போட்டாலும் தண்ணி அதுக்கு மேல இருக்கிற மண்ணுலதான் நிக்கும். வேருக்கு இடம் குறையும், அவ்வளவுதான். அம்மா இன்னும் நம்பல.

இப்போ தை. நாலுலயும் காய். ஒண்ணுல மட்டும் காயோட அடி கருத்திருக்கு. நோய் இல்ல, ஊருக்குப் போனப்போ காயவிட்டு, வந்ததும் மொத்தமா ஊத்தினேன், சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரல. இனிமே விரலை ரெண்டு இஞ்ச் விட்டுப் பார்த்துட்டுத்தான் தண்ணி.