முத்துப்பிள்ளைக் கர்ப்பம்: பயாப்சி இல்லாமல் கீமோவா?

வைகைக்கரை:
தங்கைக்கு 26 வயசு. முத்துப்பிள்ளைக் கர்ப்பம்னு (நச்சுக்கொடி நீர்க்கொப்புளங்களா பெருகிடுறது) சொல்லி, கர்ப்பப்பையைச் சுத்தம் பண்ணி ரெண்டு மாசம் ஆச்சு. வாரா வாரம் ரத்தத்தில் பீட்டா எச்சிஜிங்கிற கர்ப்ப ஹார்மோன் அளவு பார்க்கிறோம். மளமளன்னு இறங்கியது, இப்போ 1,840, 1,910, 1,875, 1,860னு அங்கேயே நிற்குது. புற்றுநோயா மாறுது, மெத்தோட்ரெக்சேட் ஊசி போடணும்ங்கிறார் டாக்டர். சதை எடுத்துச் சோதிக்கிற பயாப்சியே பார்க்காமல் கீமோவா? எனக்குச் சம்மதமில்லை.

கொடிமுல்லை:
இந்த நோய்க்கு அப்படித்தான் தம்பி. 2016-ல் நானே போட்டுக்கிட்டேன். எச்சிஜி, நச்சுக்கொடி செல் சுரக்கிறது. சுத்தம் பண்ணின பிறகும் இறங்கலைன்னா அந்தச் செல் உள்ளே வளருதுன்னு அர்த்தம். மூணு வாரத்தில் நாலு அளவு அசையாமல் நின்றால் சிகிச்சை தொடங்கணும்ங்கிறது ஃபிகோ (உலக மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பு) விதி. கட்டி முழுக்க ரத்தக்குழாய். பயாப்சிக்குக் கை வைத்தால் ரத்தப்போக்கை நிறுத்துறதே பெரும்பாடு.

சங்குப்பூ:
கர்ப்பப்பையை எடுத்துட்டால் தீர்ந்தது. எங்க பெரியம்மாவுக்கு அப்படித்தான் செஞ்சாங்க.

கொடிமுல்லை:
பிள்ளை பெற்று முடிச்சவங்களுக்குச் சரி. இவளுக்கு 26! செல் நுரையீரலுக்குப் போயிருந்தால் கர்ப்பப்பையை எடுத்தும் ஊசி போடணும். நுரையீரல் வரை பரவியதையே இந்த மருந்தால் கரைச்சதை அமெரிக்காவில் மின் சியூ லீயும் ராய் ஹெர்ட்ஸும் 1956-லேயே எழுதிட்டாங்க. எனக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள் நாலு ஊசி, இடைநாளில் அதோட நச்சைக் குறைக்க ஃபோலினிக் ஆசிட். வாய்ப்புண்ணில் மோர்சாதம்கூட எரியும். ஆறவெச்ச கஞ்சியை ஸ்பூனில் விட்டுக்குவேன். முடிச்சு ஒரு வருஷம் கர்ப்பம் வேண்டாம்னாங்க. இப்போ மகள் ரெண்டாம் வகுப்பு.

வைகைக்கரை:
உங்களுக்குச் சரியானதில் சந்தோஷம் அக்கா. ஆனால் லேப் தப்பா இருந்தால்? புதுக் கர்ப்பமா இருந்தால்? ஆரோக்கியமா இருக்கிற உடம்பில் விஷத்தை ஏத்தின மாதிரி ஆகாதா?

கொடிமுல்லை:
இது நியாயமான கேள்வி. சிறுநீரிலும் எச்சிஜி பாருங்க. ரத்தத்தில் பொய்யா காட்டியிருந்தால் சிறுநீரில் எச்சிஜி தெரியாது. கர்ப்பமான்னு ஸ்கேன் சொல்லிடும். மார்பு எக்ஸ்ரேயும் எடுத்து, நோயோட ஆபத்தைக் காட்டுற ஃபிகோ ஸ்கோர் எவ்வளவுன்னு கேளுங்க. 6 வரைக்கும் பெரும்பாலும் ஒரே மருந்து போதும், கிட்டத்தட்ட எல்லாருமே குணமாயிடுறாங்க. 7-ஓ அதுக்கு மேலோ போனால் பல மருந்து. பயாப்சிக்காகக் காத்திருந்து அந்த ஸ்கோரை ஏறவிடாதீங்க.
ஒண்ணு கேட்கிறேன். தங்கை என்ன சொல்றாள்? உங்க பதிவு ரெண்டிலும் அது இல்லையே.

வைகைக்கரை:
அவகிட்ட கீமோங்கிற வார்த்தையையே இன்னும் சொல்லலை அக்கா. சத்து ஊசின்னு அம்மா சொல்லி வெச்சிருக்காங்க. சிறுநீர், ஸ்கேன், எக்ஸ்ரே மூணும் நாளைக்கே எடுத்துடுறோம். அதுக்கு முன்னாடி, ராத்திரி அவகிட்ட நானே சொல்லிடுறேன்.