படகில் குளிர்காலம்: ஒரு கிலோ எரிவாயுவில் ஒன்றரைக் கிலோ தண்ணீரா?

விளாங்குடிப் பொறியாளர் (காலை 7.10)
நேற்று இங்கே திருநகர்வாசி எழுதியதை ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் தருகிறேன்: "என் தங்கை மகன் இங்கிலாந்தில் வாய்க்கால் படகில்தான் ஆண்டு முழுவதும் குடியிருக்கிறான். வாடகை கிடையாது. குளிருக்கு ஒரு சின்ன எரிவாயு அடுப்பு போதும், கதகதவென்று இருக்கும். சிலர் வீணாகப் பயமுறுத்துகிறார்கள்."

அந்தச் சிலர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். கப்பல் இயந்திர அறையில் காலம் தள்ளிவிட்டு ஊர் திரும்பியவன் நான். அதனால் ஒன்றே ஒன்று கேட்கிறேன். அந்த அடுப்புக்குப் புகைபோக்கி உண்டா? இல்லையென்றால், எரிகிற ஒவ்வொரு கிலோ எரிவாயுவுக்கும் ஏறத்தாழ 1.6 கிலோ தண்ணீர் ஆவியாக அந்த அறைக்குள்ளேயே நிற்கும். அந்த ஊர் வாய்க்கால் படகு ஏழடி அகலம்கூட இருக்காது. சுற்றிலும் இரும்புத் தகடு, வெளியே உறையும் குளிர். அந்த ஆவி எங்கே போகும்? தகட்டில் படியும், வழியும், மெத்தைக்கு அடியில் பூஞ்சையாகப் பூக்கும். பயமுறுத்தவில்லை, கணக்குச் சொல்கிறேன்.

தெப்பக்குளத்தான் (காலை 7.42)
ஆகா! ஒரு கிலோ போட்டால் ஒன்றரைக் கிலோவுக்கு மேல் தண்ணீர்! எங்கள் வீட்டு சிலிண்டரில் 14.2 கிலோ இருக்கிறது. பொறியாளர் கணக்குப்படி அது தீரும்போது 22 கிலோவுக்குக் குறையாமல் தண்ணீர் வந்திருக்க வேண்டும். ஒன்றரைக் குடம். பிறகு எதற்கு எங்கள் தெருப் பெண்கள் லாரிக்குக் காத்துக்கிடக்கிறார்கள்? கல்பாலத்துக்குக் கீழே நூறு அடுப்பைப் பற்றவைத்துவிட்டால் போதும், சித்திரையில் அழகர் இறங்க வைகை அணையைத் திறக்கச் சொல்லிக் கெஞ்ச வேண்டியதில்லை.

விளாங்குடிப் பொறியாளர் (காலை 8.05)
சிரித்து முடித்தாயிற்றா? எரிவாயுவில் உள்ள புரொப்பேன் 44 கிராம் எரியும்போது காற்றிலிருந்து 160 கிராம் ஆக்சிஜனை எடுத்துக்கொள்கிறது. மொத்தம் 204. அதில் 132 கிராம் கரியமில வாயு, 72 கிராம் நீர். 72-ஐ 44-ஆல் வகுத்துப் பாருங்கள். பத்தாம் வகுப்புப் பையனைக் கேட்டாலும் சொல்வான். உங்கள் சிலிண்டரும் அந்த ஒன்றரைக் குடத்தைத் தரத்தான் செய்கிறது. சமையலறை ஜன்னல் வழியாக அது வெளியே போய்விடுகிறது. மதுரை வெயிலில் சுவரும் சூடாக இருப்பதால் எங்கும் படிவதில்லை.

திருநகர்வாசி (காலை 9.30)
வணக்கம். என்னைப் பற்றிய பேச்சு என்பதால் வருகிறேன். என் மருமகன் படகில் புகைபோக்கியுடன் கரி அடுப்பும் இருக்கிறது. நான் எழுதவில்லை, அவ்வளவுதான். காலையில் ஜன்னலைத் துடைத்துத் துண்டைப் பிழிகிறான் என்பது உண்மை. ஆனால் அது வாய்க்கால் தண்ணீர். படகென்றால் எங்காவது கசியத்தான் செய்யும். அதற்கும் எரிவாயுவுக்கும் என்ன சம்பந்தம்?

விளாங்குடிப் பொறியாளர் (காலை 9.41)
வாய்க்கால் தண்ணீர் மேலே ஏறி, ஜன்னல் கண்ணாடியின் உட்புறத்தில் முத்து முத்தாக நிற்குமா? ஜிகர்தண்டா டம்ளரின் வெளிப்புறம் வியர்க்கிறதே, அது டம்ளர் ஓட்டையா? அதே வேலைதான் அங்கேயும் நடக்கிறது. நேற்று "எரிவாயு அடுப்பு போதும்", இன்று "கரி அடுப்பும் இருக்கிறது". நாளை வேறு என்னவெல்லாம் முளைக்குமோ. கரி அடுப்பு உண்டாக்கும் ஆவி புகைபோக்கி வழியே போய்விடும். வெளிக்காற்றையும் உள்ளே இழுக்கும். அதனால்தான் அந்த ஊரில் விவரம் தெரிந்தவர்கள் அதை வைத்திருக்கிறார்கள். புகைபோக்கி அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். 2019 முதல் படகுப் பாதுகாப்புச் சோதனையில் அதற்கான எச்சரிக்கைக் கருவியும் கட்டாயம். இதையும் எழுதாமல் விட்டீர்களா?

கொடை மேகம் (காலை 10.20)
குளிரைப் பற்றி மதுரைக்காரர்கள் அடித்துக்கொள்வதைப் பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. நான் கொடைக்கானலில் பிறந்தவன். ஜனவரியில் எங்கள் புல்வெளியில் உறைபனி படியும். எங்கள் ஏரி 1863-இல் உண்டாக்கியது. வெள்ளைக்காரர்களே அணை கட்டி, வெள்ளைக்காரர்களே படகு விட்டார்கள். அவர்களே அதில் குடியிருக்கவில்லை. இதிலிருந்தே தெரியவில்லையா?

விளாங்குடிப் பொறியாளர் (காலை 10.33)
என்ன தெரிகிறது? உங்கள் ஏரி ஒரு நாளாவது நடந்து போகும் அளவுக்கு உறைந்ததுண்டா? 2010 டிசம்பரில் இங்கிலாந்து வாய்க்கால்கள் வாரக்கணக்கில் இறுகிக் கிடந்தன. படகை நகர்த்த முடியாது. கரையில் குடிநீர்க் குழாயும் உறைந்துவிடும். பிடிவாதமாகப் பனியை உடைத்துக்கொண்டு போனால் அடிப்பகுதியில் பூசிய கறுப்புப் பூச்சு சுரண்டிக்கொண்டு வந்துவிடும், பிறகு துருதான். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிப்பதற்குப் பெயர் குளிர்காலம் இல்லை.

திருநகர்வாசி (காலை 11.02)
நகர முடியாவிட்டால் என்ன? நிரந்தரமாகக் கட்டிவைக்க இடம் இல்லாத படகு ஓர் இடத்தில் 14 நாளுக்கு மேல் நிற்கக் கூடாது என்று 1995-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. நியாயமான காரணம் இருந்தால் கூடுதலாக நிற்கலாம் என்றும் அதே சட்டம் சொல்கிறது. வாடகை இல்லை என்று நான் சொன்னது இன்னும் நிற்கிறது.

விளாங்குடிப் பொறியாளர் (காலை 11.10)
உரிமக் கட்டணம், காப்பீடு, கரி, டீசல் எல்லாம் உங்கள் மருமகனுக்கு வானத்திலிருந்து விழுகின்றனவா? போகட்டும். 1.6 கிலோவுக்குப் பதில் எங்கே?

அயலூர் மதுரைக்காரி (பகல் 12.25)
நான் பழங்காநத்தம், இப்போது சுவீடனில் இருக்கிறேன். இங்கே குளிர்காலத்தில் படகில் குடியிருப்பவர்கள் பனி இறுகாமலிருக்கப் படகுக்கு அடியில் சிறிய சுழலியைத் தொங்கவிடுகிறார்கள், அல்லது காற்றுக் குமிழி விடுகிறார்கள். நன்னீருக்கு 4 டிகிரியில்தான் அடர்த்தி அதிகம். அதனால் ஏரியின் அடியில் கொஞ்சம் சூடான நீர் தங்கியிருக்கும், அதை மேலே கொண்டுவந்தால் படகைச் சுற்றிப் பனி பிடிக்காது. உப்பு ஏற ஏற இந்த உதவி குறையும். முழுக் கடல் நீரில் அடியில் அப்படிச் சூடு காத்திருக்காது. ஆகவே எந்த ஊர், எந்த நீர், நகரும் படகா கட்டிவைத்த படகா என்று முதலில் முடிவுசெய்துகொண்டு பேசினால் நல்லது.

தெப்பக்குளத்தான் (பகல் 12.31)
அதெல்லாம் இருக்கட்டும் அம்மா. உங்கள் ஊரில் ஒரு கிலோ எரிவாயுவுக்கு எத்தனை கிலோ தண்ணீர் வருகிறது?

விளாங்குடிப் பொறியாளர் (பகல் 12.36)
எந்த ஊரானாலும் 1.6 தான். புரொப்பேனுக்கு ஊர் தெரியாது. சுவீடன் அம்மா சொன்ன சுழலி எனக்குப் புதிதில்லை, இங்கே அதற்கு வேலையும் இல்லை. எரிவாயுவை நம்புகிறவர்களுக்கு இன்னொன்று: பியூட்டேன் சிலிண்டர் பூஜ்ஜியத்துக்குக் கீழே போனால் ஆவியாகாமல் படுத்துவிடும். புரொப்பேன் மைனஸ் 42 வரை ஆவியாகும். இதுகூடத் தெரியாமல் போதும், போதும் என்று எழுதுகிறார்கள்.

கொடை மேகம் (பகல் 1.15)
காஷ்மீரை ஏன் யாரும் சொல்லவில்லை? தால் ஏரிப் படகு வீடுகளில் குளிர்காலத்திலும் மனிதர்கள் இருக்கிறார்கள். 2021 ஜனவரியில் ஸ்ரீநகரில் மைனஸ் 8.4. ஏரியே உறைந்தது. விறகு அடுப்பு, அங்கிக்குள் காங்கிரி என்ற தணல் சட்டி, அவ்வளவுதான். இரும்புத் தகடும் கிடையாது, மரம். பொறியாளரின் பூஞ்சை அங்கே என்ன ஆயிற்று?

விளாங்குடிப் பொறியாளர் (பகல் 1.22)
விறகு அடுப்புக்குப் புகைபோக்கி இருக்கிறது! மரத்துக்கு இரும்பைப் போல் குளிர் ஏறாது! நான் சொன்னதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள், எதிர்ப்பது போல் சொல்கிறீர்கள்.

தெப்பக்குளத்தான் (பகல் 2.50)
இன்னொரு விஷயம். ஜிகர்தண்டாவை இழுத்தது எதற்கு? பாதாம் பிசினும் நன்னாரி சர்பத்தும் போட்டுக் கெட்டியாகக் கொடுக்கும் கடையில் டம்ளர் வியர்க்காது. குடித்து முடிக்க அவகாசம் இருந்தால்தானே. வியர்த்ததென்றால் பொறியாளர் போன கடை சரியில்லை.

கொடை மேகம் (பகல் 2.58)
ஐஸ்கிரீம் போட்டால் வியர்க்கும்.

தெப்பக்குளத்தான் (பகல் 3.01)
ஐஸ்கிரீம் இல்லாமல் எவன் கொடுக்கிறான்? கொடைக்கானலிலா?

விளாங்குடிப் பொறியாளர் (மாலை 4.15)
பேச்சை மாற்றுவதில் இவர் பழைய ஆள். மகாலுக்கு மண் எடுத்த பள்ளம்தான் தெப்பக்குளம் என்ற கதைக்கு ஆதாரம் கேட்டபோதும் இப்படித்தான், முக்குறுணிப் பிள்ளையாருக்குப் போய் அங்கிருந்து கொழுக்கட்டை மாவுக்குப் போனார். ஆதாரம் இன்றுவரை வரவில்லை. இதற்குச் சோதனையே சொல்கிறேன். குளிர்ந்த எவர்சில்வர் பாத்திரத்தை நன்றாகத் துடைத்து எரிவாயு அடுப்பின் மேல் ஒரு நொடி காட்டி எடுங்கள். அடியில் நீர்ப்படலம் தெரியும். அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிட்டு ஜிகர்தண்டாவுக்குப் போகலாம். (திருத்தப்பட்டது: மாலை 6.40)

தெப்பக்குளத்தான் (மாலை 6.22)
காட்டினேன். படலம் இருந்தது. அது பாத்திரம் கழுவிய ஈரம்.

திருநகர்வாசி (மாலை 6.30)
நான் சொன்னது இதுதான். ஈரம் வெளியிலிருந்துதான் வருகிறது.

விளாங்குடிப் பொறியாளர் (மாலை 6.41)
துடைத்துவிட்டுக் காட்டுங்கள் என்றுதானே எழுதியிருக்கிறேன்? தமிழ் படிக்க வராதா?

தெப்பக்குளத்தான் (மாலை 6.44)
நான் படித்தபோது "துடைத்து" என்ற சொல்லே இல்லை. திருத்திய நேரம் கீழேயே நிற்கிறது. கப்பலில் பதிவேட்டையும் இப்படித்தான் எழுதினீர்களா?

விளாங்குடிப் பொறியாளர் (மாலை 6.52)
எழுத்துப்பிழை திருத்தினேன். எவர்சில்வருக்கு "ல்" விட்டுப்போயிருந்தது.

கொடை மேகம் (மாலை 6.55)
நானும் ஐந்து மணிக்குப் படித்தேன். "ல்" இருந்தது.

விளாங்குடிப் பொறியாளர் (மாலை 6.57)
மேகத்தில் இருப்பவருக்கு "ல்" தெரிகிறதாம், 1.6 மட்டும் தெரியவில்லையாம். நாளைக் காலை படம் எடுத்துப் போடுகிறேன். துடைத்த துணியையும் சேர்த்து.

தெப்பக்குளத்தான் (இரவு 7.03)
துணி நனைந்திருந்தால் எடையும் போட்டுக் காட்டுங்கள்.