பொன்னுக்கு வீங்கி என்றுதான் நினைத்தோம்

மல்லிப்பூ:
அப்பாவுக்கு 71 வயது. இடுப்பு ஆபரேஷன் முடிந்த நாலாம் நாள் வலது காதுக்குக் கீழே வீங்கியது. தண்ணீரே இறங்காமல் வாய் காய்ந்து கிடந்தார். பார்க்க வந்த அத்தை, பொன்னுக்கு வீங்கி என்று தன் சங்கிலியைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டார். டாக்டர் கன்னத்தை அழுத்தியதும் மேல் கடைவாய்ப் பல்லுக்கு எதிரே, எச்சில் சுரப்பியின் குழாய் திறக்கும் இடத்தில், சீழ் வந்தது. சரி, ஆன்டிபயாடிக். வீக்கம் வடிந்தும் காய்ச்சல் போகவில்லை. கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

டாப்ளர் (ரத்த ஓட்டத்தைக் காட்டும் ஸ்கேன்) எடுத்த பெண் இடது கழுத்தில் கருவியை அழுத்தினார். திரையில் சிரை அமுங்கியது. வலது பக்கம் அழுத்தினார், அமுங்கவில்லை. இன்னும் அழுத்திப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் எழுந்துபோய் டாக்டரைக் கூட்டிவந்தார். அந்த அமுங்காத வட்டம் இன்னும் கண்ணிலேயே நிற்கிறது. ரத்தக்கட்டி. நுரையீரல் வரை சீழ்ப்பொட்டுகள். ஆறு வாரம் ஊசி போட்டுத்தான் மீண்டார்.

கடலூரான்74:
இதுதான் லெமியர் சின்ட்ரோம். வழக்கமாகத் தொண்டைப்புண்ணில் ஆரம்பிப்பது. 1936-ல் லெமியர் என்ற பிரெஞ்சு டாக்டர் எழுதிய 20 நோயாளிகளில் 18 பேர் இறந்தார்கள், ஆன்டிபயாடிக் வராத காலம். ரத்தம் உறையாமலிருக்க மருந்து கொடுத்தார்களா? கொடுக்காவிட்டால் தப்பு.

வார்டு அக்கா:
தப்பு என்று அடித்துச் சொல்லாதீர்கள் தம்பி. அந்த மருந்து வேண்டுமா என்பதில் டாக்டர்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. ஆபரேஷன் புண் ஆறாதவருக்கு ரத்தக்கசிவையும் பார்க்க வேண்டும்.

என் அனுபவம் சின்னது. தாடைக்குக் கீழே எச்சில் சுரப்பியில் கல் அடைத்துச் சீழ் கட்டிய ஒரு பெண். கீறிவிட எல்லாம் தயார். துடைக்கப் போன என் விரலில் கட்டி துடித்தது. "சார், துடிக்குது" என்றேன். அவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டார். ரத்தக்குழாய்களைக் காட்டும் சிடி ஆஞ்சியோ ஸ்கேனில், முகத்துக்குப் போகும் தமனியின் சுவர் அரித்துப் பலூன் மாதிரி நின்றது. அந்தத் தமனி சுரப்பியை ஒட்டியே ஓடுகிறது. கீறியிருந்தால்? அப்புறம் தமனிக்குள் மெல்லிய கம்பிச்சுருள் (coil) வைத்து அடைத்தார்கள்.

கடலூரான்74:
சரி அக்கா, மருந்து விஷயத்தை விட்டுவிடுகிறேன். ஆனால் எல்லோரும் கேளுங்கள்: ஆபரேஷனுக்குப் பிறகு பெரியவர்களின் வாயை ஈரமாக வையுங்கள். டாக்டர் அனுமதித்தால் எலுமிச்சைத் துண்டைச் சப்பக் கொடுங்கள், எச்சில் ஊறும். பல் தேய்த்துவிடுங்கள். நீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் அதையும் சொல்லுங்கள், வாய் காயும். கட்டியை வீட்டில் பிதுக்காதீர்கள், ஒத்தடமும் கேட்டுக்கொண்டே...

மல்லிப்பூ:
அண்ணா, அப்பா வீட்டுக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. சங்கிலியைத்தான் அத்தை இன்னும் திருப்பி வாங்கவில்லை.